வாழ்த்து மடலும் அறக்கொடையும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உருவத்தால் சிறியது; ஓர் உறைக்குள் அடங்கிவிடுவது. கையால் செய்த வாழ்த்து மடல்களை அறப்பணிக்கு அளிப்பது எவ்வாறு என்பதே அப்பொருள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் முன்னர் மாணவர்கள் ஒன்றுகூடி மடல்கள் செய்வதும், அவற்றை விற்ற பணத்தை ஏதேனும் ஓர் இல்லத்துக்கு வழங்குவதும் நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பழகிய காட்சி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியிலும், அதில் பல ஆண்டுகள் தலைமையாசிரியர் பொறுப்பிலும் இருந்து இதனைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனத்தோடு தொடங்கும் இப்பணி சில இடங்களில் செவ்வனே நிறைவேறுகிறது. சில இடங்களில் அலமாரியின் அடித்தட்டில் கட்டுக்கட்டாகத் தூசி படிந்து முடிகிறது. இந்த வேற்றுமை எங்கே பிறக்கிறது என்பதை மாணவர்களாகிய உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் சிறிது வரலாறு. இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டில், நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னிச் செலவில் கடிதம் அனுப்பலாம் என்னும் ஏற்பாடு வந்தது. அந்த அஞ்சல் சீர்திருத்தத்துக்குத் துணைநின்றவர்களுள் ஹென்றி கோல் என்பவர் ஒருவர். அவர் 1843ஆம் ஆண்டு ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து மடல் ஒன்றை வரையச் செய்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் மடல் அதுவே என்பர். கல்லச்சில் அடித்துக் கையால் வண்ணம் தீட்டிய அம்மடலின் நடுவில் ஒரு குடும்பம் விருந்துண்டு மகிழும் படம் இருந்தது. பலர் அதனை மட்டுமே கூறிச் செல்வர். இருமருங்கிலும் இருந்த சிறு படங்களைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஒன்றில் பசித்தவர்க்கு உணவு அளிக்கின்றனர். மற்றொன்றில் ஆடையற்றவர்க்கு ஆடை அளிக்கின்றனர். ஆகவே, மடல் பிறந்தபோதே அறமும் அதன் ஓரத்தில் இடம்பிடித்திருந்தது. ஆயினும் அம்மடலின் விலை ஒரு ஷில்லிங். அதாவது 12 பென்னி. அனுப்பும் செலவைப் போலப் பன்னிரண்டு மடங்கு விலை கொடுத்து ஏழைத் தொழிலாளி அதனை வாங்கியிருக்க முடியாது. ஏழைக்கு உணவளிக்கும் படம் ஏழையின் கைக்கு எட்டாத விலையில் இருந்தது என்பதை எண்ணினால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

எளியவரும் பங்குகொள்ளும் வழியைக் கண்டவர் டென்மார்க் நாட்டு அஞ்சல் ஊழியர் ஒருவர். ஐனார் ஹோல்பெல் என்பது அவர் பெயர். கிறிஸ்துமஸ் காலத்தில் குவியும் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை அவருடையது. ஒவ்வோர் உறையின்மீதும் அஞ்சல் தலையோடு சிறியதோர் ஒட்டுவில்லையும் சேர்ந்திருந்தால், அதன் விலை நோயுற்ற குழந்தைகளுக்குப் பயன்படுமே என்று 1903இல் அவருக்குத் தோன்றிற்று. அடுத்த ஆண்டே அவ்வில்லை வெளிவந்தது. முதல் ஆண்டிலேயே 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வில்லைகள் விற்றன. காசநோய்க்கு எதிரான பணிக்காக அம்முறை பல நாடுகளுக்கும் பரவி நம் நாட்டுக்கும் வந்தது. நான் பள்ளியில் பயின்ற நாளில் காந்தி ஜயந்தியை ஒட்டிக் காசநோய் ஒட்டுவில்லைகளை வீடு வீடாக எடுத்துச் சென்று விற்றிருக்கிறேன். சில்லறைக் காசுகள் சேர்ந்து பெரும்பொருள் ஆகும் என்பதைக் கணக்குப் பாடத்தைவிட அவ்வில்லைகளே எனக்கு நன்றாகக் கற்பித்தன.

இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1949ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப்போர் ஐரோப்பாவைச் சிதைத்திருந்த காலம். 1946 டிசம்பரில் தொடங்கப்பெற்ற ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம், அதாவது யூனிசெப், போரால் நலிந்த நாடுகளின் குழந்தைகளுக்குப் பாலும் உணவும் மருந்தும் அனுப்பி வந்தது. செக்கோஸ்லோவாகியாவின் சிற்றூர் ஒன்றில் ஜித்கா சம்கோவா என்னும் ஏழு வயதுச் சிறுமி அவ்வுதவிக்கு நன்றி கூற எண்ணிப் படம் ஒன்று வரைந்தாள். உயர்ந்த கம்பம் ஒன்றைச் சுற்றிச் சிறுமியர் ஆடும் படம் அது. வரைவதற்குத் தாள் கிடைக்கவில்லை. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வரைந்தாள். அப்படமே யூனிசெப்பின் முதல் வாழ்த்து மடலாக அச்சாயிற்று. அதன் பின்னர்ப் பல்லாண்டுகள் யூனிசெப் மடல்கள் உலகெங்கும் விற்றுக் குழந்தைகளுக்குப் பொருள் ஈட்டித் தந்தன. உதவி பெற்ற குழந்தையின் கை, பிற குழந்தைகளுக்கு உதவி தேடித் தந்தது. அவளிடம் விலையுயர்ந்த வண்ணமும் இல்லை, வழவழப்பான தாளும் இல்லை. இன்று, "ஐயா, மினுமினுப்புத் தூள் வாங்கித் தந்தால்தான் மடல் அழகாக இருக்கும்" என்று என்னிடம் கேட்ட மாணவர்களுக்கெல்லாம் நான் இச்சிறுமியின் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

மற்றொருவரையும் குறிப்பிட வேண்டும். ஆர்னுல்ஃப் எரிக் ஸ்டெக்மன் என்பவர் இளமையிலேயே இளம்பிள்ளை வாதத்தால் கைகளின் ஆற்றலை இழந்தவர். வாயில் தூரிகையைக் கவ்வி ஓவியம் தீட்டக் கற்றவர். வாயாலும் காலாலும் ஓவியம் தீட்டுவோரின் சங்கம் ஒன்றினை 1956இல் அவர் அமைத்தார். அவர்களுடைய ஓவியங்கள் வாழ்த்து மடல்களாகவும் நாட்காட்டிகளாகவும் அச்சிடப்பெற்று விற்கப்பட்டன. தமக்கு இரக்கம் வேண்டா, தம் உழைப்புக்கு உரிய விலை போதும் என்பது அச்சங்கத்தாரின் கொள்கை. வள்ளுவர் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு அதனை அடுத்து மற்றோர் அதிகாரமும் வகுத்தார். அவ்விரண்டையும் அவர் ஏன் பிரித்தார் என்று வகுப்பில் வினவும்போது, இச்சங்கத்தை ஒரு சான்றாகக் காட்டுவது என் வழக்கம். நம் நாட்டிலும் 1979ஆம் ஆண்டு பம்பாயில் ரிப்பன் கபூர் என்னும் விமானப் பணியாளர் தம் நண்பர் அறுவரோடு சேர்ந்து, கையில் 50 ரூபாயோடு குழந்தைகளுக்கான நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 'கிரை' என்று வழங்கும் அந்நிறுவனமும் வாழ்த்து மடல்களை விற்றே பொருள் திரட்டத் தலைப்பட்டது.

தமிழ்நாட்டுப் பொங்கல் வாழ்த்தை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். மார்கழி பிறந்தவுடன் கடைத்தெருவில் கயிறு கட்டி மடல்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். கரும்பும் பானையும் காளையும் உழவரும் ஒருபுறம். திரைப்பட நடிகர்கள் மறுபுறம். வாங்கப் பணமில்லாத பிள்ளைகள் அஞ்சலட்டையிலேயே கரும்பு வரைந்து அனுப்புவர். கைப்பேசி வந்தபின் அவ்வழக்கம் பெரிதும் தேய்ந்துவிட்டது. தேய்ந்ததனால் ஒரு நன்மையும் விளைந்துள்ளது என்பேன். கையால் எழுதிய மடல் இன்று அரிதாகையால், வந்தால் அதனை எவரும் எறிந்துவிடுவதில்லை.

இனி மடல் செய்யும் முறைக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முதல் தாள். படம் வரையும் ஆர்வத்தில் மாணவர்கள் தாளைப் பற்றி எண்ணுவதே இல்லை. தாளின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று அளப்பர். கடைக்காரர் அதனை ஜி.எஸ்.எம். என்பார். நாம் எழுதும் தாள் 70 அல்லது 80. மடலுக்கு 250 அளவிலான தாள் வேண்டும். அதற்குக் குறைந்தால் நிறுத்தி வைக்கும்போது மடல் தலைகுனியும். மிகுந்தால் மடிப்பில் வெடிக்கும்.

தாளுக்கு இழை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆலையில் தாள் செய்யும்போது கூழ் ஓடும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படுத்துவிடுகின்றன. மூங்கிலை நெடுக்கில் பிளப்பது எளிது, குறுக்கில் பிளப்பது அரிது அல்லவா? தாளும் அவ்வாறே. இழையின் திசையில் கிழித்தால் நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணலாகும். ஒரு சிறு துண்டின் ஒரு பக்கத்தை நனைத்துப் பாருங்கள். அது குழல் போலச் சுருளும். அக்குழலின் நீளவாக்கே இழையின் திசை. மடிப்பு எப்போதும் இழையோடு ஒத்துச் செல்ல வேண்டும். ஏ-4 தாள் ஒன்றின் இழை நீளவாக்கில் ஓடுமானால், அதனைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மறுபடி நடுவில் மடித்தால் மடிப்பு இழையோடு அமைந்துவிடும். மடித்த மடல் 105 மில்லிமீட்டர் அகலமும் 148 மில்லிமீட்டர் உயரமும் உடையதாக இருக்கும். கடைகளில் கிடைக்கும் 114க்கு 162 அளவுள்ள உறையில் அது சுகமாக உட்காரும். உறையை முதலில் வாங்கிவிட்டு மடலை அதற்கேற்ப வெட்டுவதே அறிவுடைமை. நூறு மடல் செய்து முடித்தபின் எந்த உறையிலும் அவை நுழையாமல் திண்டாடிய வகுப்புகளை நான் அறிவேன்.

மடிப்பதற்கு முன் கோடு அழுத்த வேண்டும். மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவே இதற்குப் போதிய கருவி. அடிமட்டத்தை வைத்து ஒரே அழுத்தமாக ஒரு கோடு இழுத்தால் ஒருபுறம் பள்ளமும் மறுபுறம் சிறு மேடும் உண்டாகும். மேடு உட்புறம் வருமாறு மடித்தால் வெளிப்புறத் தாள் வெடிக்காது. கையால் செய்த தாளாக இருப்பின் இத்தொல்லை குறைவு. அதில் நார்கள் எல்லாத் திசையிலும் கலந்து படுத்திருக்கும். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தார் 1959இல் கைத்தாள் தொழிற்கூடம் ஒன்றைத் தொடங்கினர்; அதற்கு முன்பே, தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா வார்தாவில் கிராமத் தொழில்களின் வரிசையில் கைத்தாளுக்கும் இடம் தந்தார். கைத்தாளின் ஓரம் வெட்டப்படாமல் நார் நாராக இருக்கும். அதுவே அதன் அழகு. அதனைக் கத்தரிக்கோலால் சீராக்கிவிடாதீர்கள். பசையூட்டாத கைத்தாளில் மை ஊறிப் பரவும் என்பதையும் நினைவில் கொள்க.

வண்ணத்துக்குக் கடையை நாடாமலும் காரியம் நடக்கும். மஞ்சளைக் குழைத்துத் தீட்டினால் பொன்னிறம்; அதன்மேல் சுண்ணாம்பு நீர் படும் இடத்தில் மட்டும் குங்குமச் சிவப்புத் தோன்றும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் பொருள் காரத்தோடு சேரும்போது நிறம் மாறுவதே காரணம். செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா; அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் இளஞ்சிவப்பு. வேதியியல் ஆசிரியர் ஒரு மாதம் சொல்வதை இவ்விரண்டும் ஒரு நாழிகையில் காட்டிவிடும். ஆனால் மஞ்சள் வெயிலில் வெளுக்கும்; எனவே நெடுநாள் வைத்து விற்கும் மடலுக்கு அது ஆகாது. ஒரே உருவத்தை நூறு முறை பதிக்க வேண்டுமானால் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டுங்கள். பெரும்பாலும் ஐந்திதழ்ப் பூ ஒன்று கிடைக்கும். உருளைக்கிழங்கை அரிந்து அச்சு செதுக்கலாம். ஆனால் எழுத்தைச் செதுக்கினால் இடவலம் மாறிப் பதியும் என்பதைப் பெரிய வகுப்பு மாணவர்களும் மறந்துவிடுகின்றனர். வெட்டிய முகத்தின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தபின்னரே மை தொட வேண்டும்.

பசை செய்ய மைதா மாவு போதும். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு நீர் விட்டுக் கட்டி தட்டாமல் கரைத்து, இடைவிடாது கிளறிக் காய்ச்ச வேண்டும். புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பர். அது நஞ்சு, சிறுவர் கைபடும் மடல்களில் அது வேண்டா. அன்றைய பசையை அன்றே பயன்படுத்தி மிஞ்சியதை எறிந்துவிடலாம். பசையை மெல்லத் தடவி, மடலை வெள்ளைத் தாள்களுக்கு இடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஓர் இரவு வைத்தால் மடல் வளையாது. அகராதிகளுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். அச்சு மடல்களில் உள்ள வாசகங்களை அப்படியே பெயர்த்து எழுதாதீர்கள். இரண்டு வரி போதும்; அது உங்கள் வரியாக இருக்கட்டும்.

இப்போது அறத்தின் கணக்கைப் பார்ப்போம். 100 மடல்கள் செய்வதாக வைத்துக்கொள்வோம். 50 தாள்கள், ஒன்று 6 ரூபாய் எனில் 300 ரூபாய். 100 உறைகள் 200 ரூபாய். வண்ணமும் பிறவும் 100 ரூபாய். ஆகச் செலவு 600. மடல் ஒன்றுக்கு 20 ரூபாய் விலை வைத்து நூறும் விற்றால் 2000 ரூபாய், மிச்சம் 1400. நன்று. ஆனால் 60 மடல்களே விற்றால்? வரவு 1200, செலவு அதே 600, மிச்சமும் 600தான். விற்பனை நூற்றுக்கு நாற்பது குறைந்தது. கொடையோ பாதிக்கும் கீழே போய்விட்டது. முதல் 30 மடல்கள் செலவை ஈடுகட்டுவதற்கே போகின்றன. முப்பத்தோராம் மடல்தான் முதல் அறம். ஆகவே, எத்தனை பேர் வாங்குவர் என்று முன்கூட்டியே பெயர் எழுதி வாங்கிக்கொண்டு அத்தனை மடல்களே செய்ய வேண்டும்.

சிலர் கேட்பர்: "இவ்வளவு தொல்லை ஏன்? அந்த 600 ரூபாயை நேரே கொடுத்துவிடலாமே?" இது நேர்மையான கேள்வி. அவசரத் தேவை உள்ள இடத்தில் நேரே கொடுப்பதுதான் சிறந்தது; புயல் வெள்ளத்தின்போது மடல் செய்துகொண்டிருப்பது பேதைமை. மற்றக் காலங்களில், கையில் பணமில்லாத மாணவனும் தன் உழைப்பைப் பணமாக்கிக் கொடுக்க மடல் ஒரு வழி. அவன் பெற்றோரின் பணத்தைக் கொடுப்பதற்கும் தன் உழைப்பைக் கொடுப்பதற்கும் வேற்றுமை உண்டு. விற்கும்போது வாங்குவோரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: இந்த 20 ரூபாயில் 6 ரூபாய் செலவு, 14 ரூபாய் இன்ன இல்லத்துக்கு. கொடுத்த பணத்துக்கு இல்லத்தாரிடம் பற்றுச்சீட்டு வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இதில் ஆசிரியருக்கு வெட்கமோ மாணவருக்குத் தயக்கமோ கூடாது.

பணமாக இன்றி மடல்களையே கொடுப்பதும் உண்டு. மருத்துவமனைகளில் நோயுற்றிருக்கும் குழந்தைகளுக்கும் முதியோர் இல்லங்களில் வாழ்வோருக்கும் மடல்கள் அனுப்புவர். இங்கு வேறு விதமான கவனம் தேவை. முன்னதாகக் கேட்காமல் எதையும் கொண்டுபோகக் கூடாது. மினுமினுப்புத் தூள், குண்டூசி, உதிரும் மணி ஆகியவை நோயாளியின் படுக்கையில் ஆகா. நெடுநாள் நோயில் கிடக்கும் குழந்தைக்கு "விரைவில் குணமடைக" என்று எழுதினால் அது வாழ்த்தாகாமல் வருத்தமாகிவிடும். "உன்னை நினைத்து இப்படத்தை வரைந்தேன்" என்பது எந்நிலையிலும் பொருந்தும். ஆண்டினைக் குறிக்காதிருந்தால் மிஞ்சிய மடல் அடுத்த ஆண்டுக்கும் உதவும். சிறுவர்கள் தம் வீட்டு முகவரியை எழுத வேண்டா. பெயரும் வகுப்பும் போதும்.

ஓர் ஆண்டு எங்கள் பள்ளி மாணவர்கள் பொங்கல் மடல்களோடு ஒரு முதியோர் இல்லத்துக்குச் சென்றனர். மடலைப் பெற்றுக்கொண்ட மூதாட்டி ஒருவர் முன்னாளில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். படத்தைப் பாராட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, "ஐயா, எங்களுக்கு வாழ்த்து வருகிறது, மகிழ்ச்சிதான். நாங்கள் யாருக்கேனும் அனுப்ப வேண்டாமா? எழுதாத மடல் இருந்தால் கொடுங்கள்" என்றார். பெறுவோர் என்று நாம் ஒரு வரிசையில் உட்காரவைத்தவர்களும் கொடுக்க விரும்புவர் என்பதை அவ்வம்மையார் ஒரே சொல்லில் உணர்த்திவிட்டார்.

மறு ஆண்டு நாங்கள் படம் மட்டும் வரைந்து, உட்புறம் வெறுமையாக விட்ட 40 மடல்களை, அஞ்சல் தலை ஒட்டிய உறைகளோடு கொண்டுசென்றோம். கண் தெரியாதோர்க்கும் கை நடுங்குவோர்க்கும் மாணவர்கள் அருகில் அமர்ந்து எழுதினர். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரே மடலுக்கு மூன்று முறை தாள் மாற்றினான். அப்பெரியவர் தம் தம்பியை எப்படி விளித்துத் தொடங்குவது என்று முடிவுசெய்ய முடியாமல் மாற்றி மாற்றிச் சொன்னாராம். அங்குக் கேட்டதை வெளியே பேசலாகாது என்று மாணவர்களுக்கு முன்னரே சொல்லியிருந்தேன்; இதுவும் அவன் சொன்னதன்று, கிழிந்த தாள்களைக் கண்டு நான் கேட்டறிந்தது.

உள்நாட்டுக் கடிதத்துக்கு முதற்படி எடை 20 கிராம். நாங்கள் செய்த மடலின் எடையை மாணவர்கள் தராசு இல்லாமலே கணக்கிட்டனர். ஏ-4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 250 கிராம் தாள் எனில் ஒரு தாளின் எடை 15.6 கிராம், அதில் பாதி 7.8 கிராம். உறையைச் சேர்த்தாலும் 13 கிராமைத் தாண்டாது. பொத்தானும் கிளிஞ்சலும் ஒட்டினால்தான் எடை ஏறும். முத்திரைக் குத்தில் அவை நொறுங்கவும் செய்யும். அனுப்புநர் முகவரியாக ஒவ்வோர் உறையின் பின்புறத்திலும் இல்லத்தின் முகவரியைத் தவறாமல் எழுதச் செய்தோம். சில மடல்களுக்கு மறுமொழி வந்தது. பலவற்றுக்கு வரவில்லை. தம்பிக்கு எழுதிய பெரியவரின் உறை, முகவரியில் ஆள் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதனை அவர் பிரிக்காமல் வாங்கித் தலையணையின் கீழ் வைத்துக்கொண்டு, பழைய குறிப்பேடு ஒன்றில் வேறொரு முகவரியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். மிஞ்சியிருந்த மடல்களில் ஒன்றை எடுத்து அதற்கும் எழுதி அனுப்பினோம்.